பச்சோந்திக்குப் போட்ட பனி

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தொட்டிச் செடிகளுக்கென்று ஒரு கைத்தெளிப்பான் வாங்கி வந்தாள். விசையை அமுக்கினால் ‘புஸ்’ஸென்று புகை மாதிரி தண்ணீர் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது, பேனா எடுக்க. எதை எழுத என்கிறீர்களா? காற்றின் ஈரத்தை. ஒரு காலத்தில் அதை மணிக்கொருதரம் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும் என்பதால் டிபார்ட்மென்ட் முழுக்கப் பனி மாதிரி தண்ணீரைத் தூவிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஹுமிடிட்டி பிளான்ட்டில் நான் ஆபரேட்டர். சுவரில் இரண்டு தெர்மாமீட்டர் தொங்கும், ஒன்று வெறுமனே, ஒன்று ஈரத்துணி சுற்றி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரத்தைக் கணக்கிட்டு நோட்டில் எழுத வேண்டும். சட்டையெல்லாம் எப்போதும் ஈரப்பஞ்சு வாடை. புதிதாகக் கல்யாணமானவனுக்கு இது ஒரு வாசனையா என்று செல்வி மூக்கைப் பொத்திக்கொள்வாள். செல்வி என் மனைவி. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

கல்யாணமான மறு வருஷம் ஆனி மாதம் முதலாளியின் மகன், நாங்கள் சின்னவர் என்போம், இரண்டு பச்சோந்திகளைக் கொண்டுவந்தார். ஆப்பிரிக்கா பக்கம் ஏதோ மேகம் இறங்கும் மலையில் இருக்கிற சாதியாம். ஆணுக்கு மூக்கிலும் கண்ணோரத்திலுமாக மூன்று கொம்பு. பெண்ணுக்குக் கொம்பு இல்லை, வயிறுதான் பெரிதாக இருந்தது. நம்மூர்ப் பச்சோந்தி முட்டையிடும், இது குட்டி போடுமாம். மலைக் குளிரும் பனியும் இல்லாமல் பிழைக்காது என்றார்கள். பனி என்றதும் மில்லில் யார் ஞாபகம் வரும்? மேஸ்திரி வந்து என் தோளைத் தட்டினார்.

“ஏலே, நூலுக்கே பனி போடுத. இந்த ஓணானுக்குப் போட மாட்டியா?”

எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? காம்பவுண்டுக்குள் இருந்த விருந்தினர் அறையைக் கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டி, ஏசி, மில்லிலிருந்து கழற்றி வந்த, பனி தூவும் இரண்டு சின்ன நாசில். மேற்கே பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. திறந்தால் நேராக மலை. ஆனிக்காற்று அங்கிருந்து இறங்கி முகத்தில் அடிக்கும். மில்காரனுக்கு அந்தக் காற்று ஜென்ம விரோதி, ஈரத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் வேஸ்ட் பஞ்சைத் திணித்தேன். தெர்மாமீட்டர் இரண்டையும் தொங்கவிட்டேன். பகலோ இரவோ, பாதரசம் அசையக் கூடாது. டே ஷிப்ட்டுக்கு ஒரு காற்று, நைட் ஷிப்ட்டுக்கு ஒரு காற்று என்று நூல் கேட்பதில்லையே.

பொறுப்பு பிடித்துக்கொண்டது. மணிக்கொருதரம் பார்க்க வேண்டுமென்றால் நான் எங்கே போவது? படுக்கையும் அந்த அறையிலேயே. மில்லில் என் பெயரே பச்சோந்தி ஆகிவிட்டது. செல்விக்கு அது நிறைமாதம், அம்மா வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம். ஏழு வாரமாக என்னால் போக முடியவில்லை.

“எப்ப வாரீக?” என்று போனில் கேட்பாள்.

“இது குட்டி போடட்டும், வாரேன்.”

“நானும் அதுக்குத்தான இருக்கேன்?”

மணியாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டு நோட்டை எடுப்பேன். அடைத்த அறை, நனைந்த சுவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். அதன் இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று என்னைப் பார்க்கும்போது இன்னொன்று சாத்திய ஜன்னலைப் பார்க்கும். சில நாள் அதன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. சீக்கிரம் பெற்றுத் தொலையேன் என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமனார் போன் செய்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். சின்னவரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. “ரெண்டு நாள் பொறுப்பா. இதும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. ஒன்னைய விட்டா யாருக்குத் தெரியும்?” என்றார். எனக்குத்தான் தெரியும் என்று நானும் நம்பினேன் பாருங்கள், அதுதான் கேவலம்.

மறுநாள் பெண் பச்சோந்தி பகலிலும் கண்ணை மூடிக்கொண்டது. வாய் திறந்தே இருந்தது, ஓரத்தில் நுரை. ஈரம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு நாசிலைத் திறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை மதுரையிலிருந்து கால்நடை டாக்டர் வந்தபோது அது கிளையிலிருந்து விழுந்து கிடந்தது. வயிறு அப்படியே இருந்தது.

நான் நோட்டை நீட்டினேன். ஒரு மணி நேரம்கூட விடுபடாத நோட்டு. டாக்டர் நாலு பக்கம் புரட்டினார். பஞ்சு அடைத்த ஜன்னலைப் பார்த்தார்.

“மலையில ராத்திரியானா நல்லா குளிரும். காத்து வரும். ஒடம்பு காயும். நீங்க இதுக்கு ராத்திரியே விடலையே. இது நூல் இல்லப்பா.”

சின்னவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சரி, நீ ஊருக்குப் போ” என்றார். இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை: அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பதினோரு மணி பஸ் பிடித்துவிடலாம் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. வெட்கம் பொறவு, பஸ் வன்னியம்பட்டி தாண்டும்போது வந்தது.

செல்வி பிள்ளையைக் கையில் கொடுத்தாள். மூடிய கண்ணும் சின்ன வாயுமாக இருந்தது.

“அது குட்டி போட்டுச்சா?” என்றாள்.

“போட்டுச்சு.”

“எம்புட்டு?”

“பதினாறு.”

ஒரு வாரம் கழித்து மில்லுக்குத் திரும்பியபோது மேஸ்திரி சொன்னார், ஜன்னலைத் திறந்துவிட்ட மறுநாளே, மங்கிக் கிடந்த ஆண் பச்சோந்திக்கு இலைப்பச்சை நிறம் வந்துவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பிற்பாடு சின்னவர் அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். இப்போது மில்லும் இல்லை. மெஷினைக் கழற்றி விற்று, இடத்தை மனைகளாகப் பிரித்துவிட்டார்கள். அந்த அறை இருந்த இடத்தில் முள்வேலி, அதைத் தாண்டி அதே மலை. என் நோட்டு எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ.

நான் சொன்ன அந்தப் பதினாறு மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மகள் சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு குட்டிக்கும் பெயர் வைத்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். போன ஞாயிறு பொழுது சாய்ந்த பிறகும் அவள் செடிக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“போதும்த்தா,” என்றேன். “ராத்திரிக்காவது காயட்டும்.”