மாங்கனீசு குறைந்த நாள்

எதிர்வீட்டில் மாடி எடுக்கிறார்கள். காலையில் லாரியிலிருந்து கம்பிக்கட்டு இறக்கினார்கள் பாருங்கள், அந்தச் சத்தத்தில் தெருநாய்கூட எழுந்து போய்விட்டது. நான் மட்டும் வேலை மெனக்கெட்டு வாசலில் போய் நின்றேன். புதுக் கம்பிக்கு ஒரு வாசனை உண்டு. "இரும்புல என்னம்மா வாசன?" என்று மகள் சிரிக்கிறாள். கொஞ்சம் துரு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கருகல். எனக்கு அதில் என் இருபத்து மூன்று வயது மணக்கிறது.

அந்த வயதில் நான் மதுரை ரோட்டில் ஓர் இரும்பாலையின் லேபில் வேலை பார்த்தேன். அம்மா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட டீச்சர். வேதியியல் படித்த மகளும் டீச்சராகத்தான் போவாள் என்று சர்ச் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நானோ சமாதானபுரத்தில் கம்பெனி வேன் ஏறி, பழைய இரும்பை உருக்குகிற இடத்துக்குப் போனேன். "படிச்சுப்போட்டு ஓட்ட ஒடசல் வாங்குற ஆக்கர் கடைக்கா போற?" என்று அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும். உருகிய இரும்பை லேடில் என்கிற பெரிய வாளியில் கொண்டுவந்து, மேடையில் இருக்கும் ஒரு தொட்டியில் விடுவார்கள். தொட்டியின் அடித்துளைகள் வழியே அது செம்பு அச்சுக்குள் இறங்கி, தண்ணீர் பட்டு இறுகி, கீழே செக்கச்செவேலென்று முடிவே இல்லாத கட்டையாக வந்துகொண்டே இருக்கும். அதைத்தான் பிறகு கம்பியாக இழுப்பார்கள். ஒரு லேடில் தீர்வதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும். தொட்டி காலியானால் போச்சு! தொட்டியை மாற்றி மறுபடி தொடங்குவதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும். நிற்காமல் எத்தனை லேடில் ஓடியது என்று கரும்பலகையில் எழுதுவார்கள். அந்த எண்ணிக்கைதான் அங்கே மானம் மரியாதை எல்லாம்.

ஒவ்வொரு லேடிலிலிருந்தும் ஒரு சிறு துண்டு எனக்கு வரும். கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று பார்த்து, மேடைக்குப் போனில் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் திறப்பார்கள். குறைந்திருந்தால் சேர்த்துக்கொண்டுவரத் திருப்பி அனுப்புவார்கள்.

மேடையில் போனை எடுப்பவர் முத்துமாலை. ஏரல்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அந்த வருடம் ஃபோர்மேனாக நிரந்தரமாக வேண்டியவர். நீலக் கண்ணாடியும் முகத்தைச் சுற்றிய துண்டுமாகப் புகைக்குள் நிற்பார். அதனால் எனக்குக் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. ஒருநாள் கேன்டீனில் எனக்கு முன்னால் நின்றவர் "சாம்பார் ஊத்தும்வே" என்று சொன்ன பிறகுதான், அடடா இவரா என்று பார்த்தேன். என்னை அவர் 'டீச்சர்' என்று கூப்பிடுவார். நான் 'அண்ணாச்சி' என்பேன். எல்லாரையும் அண்ணாச்சி என்கிற ஊரில் பிறந்துவிட்டு, அவரை மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? மனசுக்குள் இருந்தது அண்ணாச்சி இல்லை. அதை இந்த வயதில் ஒளித்து என்ன ஆகப்போகிறது.

எனக்கு ஒரு கள்ளத்தனம் இருந்தது. எண்ணைச் சொன்னதும் அவர் போனை வைத்துவிட்டு ஓடிவிடுவார். அதனால் எண்ணைக் கடைசியில் சொல்வேன். முதலில் வெயில், வேன் பிந்தியது, கேன்டீன் இட்லி என்று ஏதாவது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்தான் இருக்கும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வேனில் குலுங்கிக்கொண்டு போனேன்.

அது ஒரு புரட்டாசி மாதம். குலசைக் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் போட அவர் மாலை போட்டிருந்தார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், தசரா பார்த்ததே கிடையாது. அன்றைக்கு ஆறாவது லேடிலின் ரிசல்ட் தாள் கையில் இருக்கிறது, மாங்கனீசு குறைவு. போனை எடுத்தவள், "இந்த வருஷம் என்ன வேஷம் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"போலீசு வேசம். லத்தி வாங்கியாச்சு. மீசைதான் ஒட்ட மாட்டேங்கு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். காக்கிச்சட்டை யாருடையது, காளி வேஷத்துக்கு எத்தனை நாள் விரதம் என்று கேட்டுக்கொண்டே போனேன். எண்ணைச் சொன்னபோது லேடில் மேடைக்கே வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்பி, சேர்த்துக்கொண்டு வருவதற்குள் தொட்டி வற்றிவிட்டது. ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை. எல்லாம் நின்றது.

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "ரிசல்ட் ஏன் லேட்?"

"போன் அடிச்சுது சார். நாந்தான் எடுக்கப் பிந்திட்டேன்" என்றார் முத்துமாலை. என் பக்கம் திரும்பவே இல்லை. 'இல்லை சார், நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரை மேடையிலிருந்து எடுத்து, பழைய இரும்பு பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். நிரந்தரம் போயிற்று.

சாயங்காலம் வேன் பக்கத்தில் நான் அழுதுகொண்டு நிற்க, அவர் பைய வந்தார். "ஏன் டீச்சர் அழுதிய? நம்பரக் கடசில சொல்லுதியன்னு எனக்குத் தெரியாதா? நானும் மொதல்ல நம்பரச் சொல்லுங்கன்னு கேக்கலையே" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் மஸ்கட் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஏங்கினேன் என்று கேட்காதீர்கள்.

பிராயச்சித்தமாக ஒரு வேலை செய்தேன். லேபில் பார்த்த எண் அந்த நொடியே மேடையில் திரையில் தெரியட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். திரை வந்தது. அதன் பிறகு தாமதம் என்ற பேச்சே இல்லை. கரும்பலகையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, எனக்கு ஒரு பிரஷர் குக்கர் பரிசு கொடுத்தார்கள். போனைக் கழற்றி எடுத்துப் போனார்கள். வேலையை விடும்வரை மேடையில் நிற்பது யாரென்றே எனக்குத் தெரியாது.

அந்த ஆலை இப்போது சிமெண்டு மூட்டை அடுக்குகிற குடோன். மேனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு ஏரல் போனபோது, பந்தியிலிருந்து எழுந்துபோய்க் கடைத்தெருவில் முத்துமாலை வீட்டை விசாரித்தேன். வாழைக்காய்க் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெளிநாட்டுல இருந்தவரா? அங்கனயே தவறிட்டாரும்மா. வீட்டையும் வித்துட்டாவ. நீங்க யாரு?"

"கூட வேல பாத்தவ" என்றேன். அதோடு வந்திருக்கலாம். கால் நகரவில்லை. "அன்னைக்கு நடந்த தப்பு என்னுது அண்ணாச்சி, அவர் மேல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் தராசைத் துடைத்தபடியே, "எந்தத் தப்பும்மா?" என்று கேட்டார்.