நான் சத்தியம் செய்த பச்சை

கிள்ளான் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் வெகு தூரம் பின்னால் போயிருந்தது. ஊரை விட்டே போய்விடுவது என்று கிளம்பியிருந்தேன்.

அன்று காலை ரயில்வே வேலைக்காக என் கண்ணைச் சோதித்தார்கள். மேசையில் கம்பளி நூல்களைக் கொட்டி, பச்சையை மட்டும் பொறுக்கச் சொன்னார் டாக்டர். பொறுக்கினேன். அதில் பாதி சிவப்பு என்றார். முப்பது வயதுவரை எனக்கு அது தெரியாது. மிளகாய்ப் பழம் சிவப்பு, வெற்றிலை பச்சை என்று பிறர் சொல்லக் கேட்டே நானும் சொல்லி வந்திருக்கிறேன்.

வேலை கிடைக்காதது பெரிதல்ல. அது எனக்குப் பழக்கம். ஆனால் மூன்று மாதம் முன்பு, தண்டவாளத்தில் சிக்கிய மாட்டுவண்டியில் ரயில் மோதியது. சிவப்புக் கொடிதான் காட்டினேன் என்று அழுதார் அங்கே கேட்டைத் திறந்து மூடும் ரயில் கேட்காரர். தினமும் அந்த வழியாகப் போகிறவன், அன்றும் நேரில் பார்த்தவன் என்று, பச்சைதான் என விசாரணையில் சத்தியம் செய்தவன் நான். என் பேச்சை நம்பி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வழியனுப்பக் கூட வந்தவர் பக்கத்து அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி; ஆபீசில் கணக்கு எழுதுபவர். மனதைப் பற்றிய புத்தகங்களாக வாங்கிப் படிப்பவர்.

“நீர் பொய் சொல்லேல்லை. அறிவெண்டால் மனசின்ர பழக்கம்தான். அந்த நேரத்தில தினமும் பச்சைக் கொடி பாத்தனீர். மனம் அண்டைக்கும் பச்சை எண்டு எழுதிப்போட்டுது. விட்டுத்தள்ளும்.”

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. அரை மைல் தூரம் ஆறுதலாகவும் இருந்தது. பிறகு நின்றுவிட்டேன்.

“அப்ப அது என்ன கொடி, கிராணியாரே?”

“ஆரின்ர மனசில?”

“மாடு ரெண்டும் யாரு மனசிலயும் சாகல, தண்டவாளத்துல செத்துச்சு. நான் ஏன் தப்பாப் பாத்தேன்னு உங்க புத்தகம் சொல்லுது. அவரு கையில என்ன இருந்துச்சுன்னு சொல்லலையே?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கு வேற புத்தகம் வேணும்.”

திரும்பி நடந்தேன். விசாரித்த அதிகாரியிடம் போய், எனக்கு நிறம் தெரியாது என்றேன். அவர் பழைய விசாரணைக் கோப்பை எடுத்தார். கேட்காரர் மறுநாள் காலை ஆபீசுக்கு வரவேண்டும் என்று என்னிடமே சொல்லி அனுப்பினார்.

நான் தேடிப்போனபோது கேட்காரர் செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டும் கூடையை இறக்கவில்லை.

“இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா ஒனக்கு? நாளைக்கு நான் ஆபீசுக்குப் போனா கங்காணி வேற ஆளப் போட்டுடுவான். இந்த வேலையும் ஒன்னால போகணுமா?”

மறுநாள் காலை அவர் ஆபீசுக்குப் போனார். அவர் திரும்பும்வரை அவருக்குப் பதிலாகக் கல் சுமக்கும் வேலையில் நான் சேர்ந்தேன்.