தாய்மாமன் மடி

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. வானம் மூடியிருந்தும் மழை இல்லை. காலை எட்டு மணிக்கே புழுக்கம் தாங்கவில்லை.

செலியமேட்டு அய்யனார் கோயிலில் ஜெயசுதாவின் இரண்டாம் மகனுக்குக் காது குத்த ஏற்பாடாகியிருந்தது. பிள்ளைக்குப் பதினோரு மாதம். தாய்மாமன் செந்தில்நாதனை மட்டும் யாரும் அழைக்கவில்லை.

காரணம் ஊரறிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், மூத்தவனுக்கு அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். ஊசித் துளையில் கசிந்த இரத்தம் இரண்டு நாளாகியும் நிற்கவில்லை. புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு, உடன் வந்த செந்தில்நாதனின் வீங்கி மடங்காத முழங்கால்களை நெடுநேரம் பார்த்தார். சிறு வயது முதலே இப்படியா என்று கேட்டார். மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கு வராத செந்தில்நாதனைச் சோம்பேறி என்று கண்டித்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அவன் மூட்டுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்ததை நாங்கள் அறியவில்லை.

இரத்தம் உறையாத குறை அது. பெண்களிடம் பெரும்பாலும் மறைந்திருக்கும், ஆண்பிள்ளைகளிடம் வெளிப்படும் என்று மருத்துவர் விளக்கினார். தம்பியின் காலையும் மகனின் காதையும் கொண்டே ஜெயசுதாவின் மரபணுவை அவர் கணித்துவிட்டார். மூத்தவனின் பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. இனி ஆண்குழந்தை பிறந்தால் பாதிக்குப் பாதி என்றார்.

மாமியார் காசம்மாள் இதை ஏற்கவில்லை. செந்தில்நாதனின் மடி ராசியற்றது என்று முடிவுகட்டி, ஜெயசுதாவின் சிற்றப்பா மகன் வீரப்பனை மாமன் முறைக்கு உட்காரவைத்தார். ஜெயசுதாவும் இளையவனைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவில்லை. பார்க்காதவரை அந்தப் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தாள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் பிள்ளையைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள்.

“இன்னாடி பண்ற? இந்த மடியும் ஆவாதா உனுக்கு?” என்றார் காசம்மாள்.

ஜெயசுதா பிள்ளையின் கால்சட்டையைச் சுருட்டினாள். தவழத் தொடங்கி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. இடது முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தது, சுற்றிலும் கருநீலம். மூன்று நாளாக அவள் அதை யாருக்கும் காட்டவில்லை.

காசம்மாள் தொட்டுப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“இவனுக்குமாடி?”

“ஆமா அத்த. இவனுக்கும் அதான்.”