எஸ்தர் ஊதிய மூச்சு

துணியின் கனத்தைச் சோதிப்பதுதான் பனியன் கம்பெனியில் என் வேலை. வட்டமான கட்டரைத் துணிமேல் வைத்து ஒரு திருகு திருகினால் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு விழும். அதைக் குட்டித் தராசில் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டில் ஒரு நூல் பிசிறு கிடந்தது. அவள் குனிந்து உஃப்பென்று ஊதினாள். எண்கள் பதறிப்போய் ஏறி இறங்கின. "மூச்சுக்குக்கூட எடை இருக்குங்களாக்கா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூச்சை அளந்து பார்த்த வகுப்பில் படித்தவள் நான்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஐந்தாம் வகுப்பு. காற்று திரும்பி அடித்தால் சாயப்பட்டறை வாடை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை வாடை என்றே எங்களுக்குத் தெரியாது. லீவுக்கு வெளியூர் போய்த் திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் மூக்கைச் சுளிப்போம். அப்படியொரு நாளில்தான் சாவித்திரி டீச்சர் அளவீடுகள் பாடத்தை ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துத் தராசுக்கு ஒரு தட்டு இல்லை. எதிரே மளிகைக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் கேட்டு ஒன்று வாங்கி வந்தார். கத்திரிக்காய், சிலேட்டு, முருகேசனின் ஒற்றைச் செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்தோம்.

நிறை வேறு, எடை வேறு என்று டீச்சர் எத்தனையோ தடவை சொல்லியும் எனக்கு ஏறவில்லை. இன்றைக்கும் யாராவது திடீரென்று கேட்டால் விழிப்பேன், அதுவும் இந்த வேலையில் இருந்துகொண்டு. "நிலாவுக்குப் போனாலும் நிறை மாறாது. எடைதான் குறையும்" என்றார் டீச்சர். முருகேசனின் அப்பா பனியன் பண்டல் லோடு ஏற்றுகிறவர். அவன் எழுந்து, "அப்ப எங்கப்பா நிலாவுல லோடு தூக்குனா முதுகு வலிக்காதுங்களா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "வலிக்காது கண்ணு" என்றார்.

அடுத்தது பருமன். அளவு போட்ட தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டால் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் கல்லின் பருமன். நான் கெட்டிக்காரத்தனமாக என் கொலுசைக் கழற்றிப் போட்டேன். தண்ணீரைக் கொட்டும்போது திருகாணியும் சேர்ந்து சாக்கடைக்குப் போய்விட்டது. கொலுசின் பருமன் எவ்வளவு என்பது மறந்துவிட்டது. அம்மா கொடுத்த அடியின் கனம் மறக்கவில்லை.

காற்றுக்கும் பருமன் உண்டு என்று காட்டத்தான் டீச்சர் அந்த எண்ணெய்க் கேனைக் கொண்டுவந்தார். வெள்ளை பிளாஸ்டிக் கேன். பக்கவாட்டில் ஆணியால் கோடு கீறியிருந்தார். அதில் தண்ணீரை நிரப்பி, பெரிய பேசினில் தலைகீழாக நிறுத்தி, உள்ளே ஒரு ரப்பர் குழாயை விட்டார். ஒரே மூச்சில் ஊத வேண்டும். எவ்வளவு தண்ணீர் கீழே இறங்குகிறதோ அவ்வளவு நம் மூச்சு. பையன்கள் முண்டியடித்தார்கள். முருகேசன் முகம் சிவக்க ஊதி, கேனில் பாதிக்குமேல் காலி செய்துவிட்டு மீசையே இல்லாத இடத்தை முறுக்கினான்.

எஸ்தரின் முறை வந்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் தெற்கே நாசரேத் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் தெருக்கோடியில் இருந்த வேஸ்ட் குடோனில் இருவருக்கும் வேலை. கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துணித் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து, மிஷினில் போட்டுக் கிழித்துத் திரும்பப் பஞ்சாக்குகிற இடம் அது. குடோனுக்குப் பின்னாலேயே தகரம் போட்ட ஒரு அறையில் குடியிருந்தார்கள். எஸ்தரின் தலையில், புருவத்தில், புத்தக அட்டையில் எப்போதும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

அவள் குழாயை வாயில் வைத்து ஊதினாள். தண்ணீர் கொஞ்சம் அசைந்து, நாலைந்து குமிழி விட்டு நின்றுவிட்டது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். குழாய் மடங்கியிருக்கும் என்று டீச்சர் எடுத்துப் பார்த்தார், தானே ஒருமுறை ஊதியும் பார்த்தார். குழாயில் ஒன்றுமில்லை. மறுபடி ஊதச் சொன்னபோது எஸ்தருக்கு முதல் தடவை இறங்கிய அளவுகூட இறங்கவில்லை. நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல ஒரு சத்தம் பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது.

"ஊட்டுல எங்க கண்ணு படுத்துக்குவே?" என்று கேட்டார் டீச்சர்.

"குடோன்ல மூட்டை மேலதான் டீச்சர். மெத்துன்னு இருக்கும்லா."

அன்று சாயங்காலம் வழிகாட்ட நான் முன்னே போக, டீச்சர் அங்கே வந்தார். எஸ்தரின் அம்மா நிறைமாதமாக இருந்தார். "சளிதான் டீச்சர். எல்லாப் பிள்ளைக்கும் வரத்தானே செய்யும்" என்றார். டீச்சர் விடவில்லை. மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், அந்தத் தூசியை விட்டுப் பிள்ளையை வெளியே கொண்டுவராவிட்டால் மருந்து கேட்காது என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு குடோன் முதலாளியிடம் போய் வேறு அறை கேட்டார். அவர் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார், டீ வரவழைத்தார். "ரூமுக்கு நான் எங்கீங்க போறது? இஷ்டப்பட்டா இருக்கட்டுங்க. இல்லீன்னா சாவியக் குடுத்துட்டுப் போகட்டுங்க. நான் யாரையும் புடிச்சு வெக்கிலீங்களே" என்றார். அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்ததும் என் அம்மா, "எங்கூட்டுல வந்து படுத்துக்கட்டுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். எஸ்தர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். முதலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள், படுத்தால் மூச்சு முட்டும் என்றாள். போகப்போக என் பக்கத்தில் நீட்டிப் படுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் வகுப்பில் அவளாகவே எழுந்து, "டீச்சர், நான் இன்னொருக்க ஊதட்டா?" என்று கேட்டாள். கேனை எடுத்து வைத்தோம். முருகேசன் அளவுக்கு இல்லை. ஆனாலும் தண்ணீர் சரசரவென்று கோடுகளைத் தாண்டி இறங்கியது. கைதட்டியதில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

அந்த மாதமே அவளுக்குத் தம்பி பிறந்தான். பச்சை உடம்போடு அவள் அம்மா ராத்திரி ஷிப்டு வேலைக்குத் திரும்ப, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. "குழந்தையையும் இங்கயே கொண்டாங்க" என்றார் என் அம்மா. "பால்குடி மறக்காத பிள்ளய எப்பிடி விட?" என்றார் அவர். எஸ்தர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். டீச்சர் மறுபடி முதலாளியைப் பார்த்தார். "தீபாவளி போகட்டுங்க, பாக்கலாங்க" என்றார் அவர்.

தீபாவளிக்கு முன்னால் ஊரெல்லாம் அவசர ஆர்டர். குடோன் மிஷின் ஓயாமல் ஓடியது. ஒரு மழைக் காலையில் எஸ்தரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடப் போனேன். மிஷின் ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாத எங்கள் தெருவை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஆட்கள் கூடி நின்றார்கள். விடியும்போதே எஸ்தருக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. அவளுடைய அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். மழையில் எந்த வண்டியும் நிற்கவில்லை. காதர் பாய் கடை வண்டியை எடுத்து வந்து ஏற்றிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

டீச்சர் வந்ததும் அவள் அப்பா எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் இன்னும் ஏந்தியபடியே வைத்திருந்தார். "கனமே இல்ல டீச்சர். தூக்கிட்டு ஓடுறேன், கையில பிள்ள இருக்கதே தெரியல" என்றார். நான் டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, பயமாக இருந்தது. மறுநாள் காலையிலிருந்து மிஷின் ஓடியது.

தீபாவளிக்குப் பிறகு அவர்கள் கைக்குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டார்கள். எண்ணெய்க் கேனை டீச்சர் அதன்பின் வெளியே எடுக்கவில்லை. காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதை அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டார், அவர்கள் மனப்பாடம் செய்தார்கள். காதர் பாய் கடை இப்போது இல்லை. குடோன் இருந்த இடத்தில் வடக்கத்திப் பையன்கள் தங்குகிற நாலு மாடி ஹாஸ்டல் நிற்கிறது. பஞ்சு மிஷின் வீரபாண்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே அதன் பின்னால் யார் குடியிருக்கிறார்களோ.

கூட வேலை செய்யும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக இரண்டு வருஷத்துக்கு முன் நாசரேத் போயிருந்தேன். எஸ்தரின் ஊர்ப்பெயர் தெரியாது, அவள் அப்பா பெயரையும் கேட்டு வைத்ததில்லை. இருந்தாலும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் விசாரித்தேன். திருப்பூருக்கு வேலைக்குப் போய், ஒரு பெண்பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்த குடும்பம் என்று சொன்னேன்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்பிடி ரெண்டு மூணு வீடு இருக்கு. நீங்க எந்தப் பிள்ளையக் கேக்கிய?" என்றார்.