பீட்டர் சாரும் ஃப்ரீ ராடிக்கல்களும்

அடுத்தவர் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குவதைப் போல வம்பான வேலை வேறில்லை. வீட்டில் ஒருவரிடமாவது 'காபியில் சர்க்கரை வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்திருந்தால் என் பாடு உங்களுக்குத் தெரியும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு ஜிம்மில் டயட்டீஷியனாக நான் பட்டது இது.

வந்த காரணம்

பீட்டர் சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் படியேறினார். மற்றவர்கள் தொப்பை குறைய வருவார்கள். இவருக்கு ஈஸ்டர் முடிந்ததும் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணம். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை மகளைக் கைபிடித்து அழைத்துப்போவது அப்பாவின் உரிமை. வீட்டிலோ, அதற்குத் தாய்மாமனை அனுப்பிவிட்டு சாருக்கு ஒரு நாற்காலி போட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள்.

"நாற்காலியில உக்காந்து வேடிக்கை பாக்க, நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனாம்மா?"

தவக்காலத்துத் தட்டு

நடை தேறிவரும் நேரத்தில் ஈஸ்டருக்கு முந்தைய விரத நாட்களான தவக்காலம் தொடங்கியது. முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் விட்டார். பதிலுக்கு எதையும் சேர்க்கவில்லை. வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு வந்து, டிரெட்மில் கம்பியைப் பிடித்தபடி தள்ளாடினார். விரதத்தில் கைவைக்க நான் யார்? கொண்டைக்கடலைச் சுண்டலாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"சுண்டல்னா எனக்கு உயிரும்மா. பிடிச்சதைத் தின்னா அது எப்படி தவம் ஆகும்?"

சுவரில் ஒரு போஸ்டர்

தாளிக்காத, ருசியில்லாத சுண்டல் என்றால் தவத்தில் சேரும் என்று சமாதானமாகி, கால்கள் மறுபடி தெம்பானபோது எங்கள் முதலாளி மஞ்சுவுக்கு ஒரு யோசனை வந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பாக்களை அடுக்கி, மேலே போஸ்டர் ஒட்டினார்: 'உடற்பயிற்சியின்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகி உங்கள் செல்களைத் தாக்குகின்றன!' அவற்றை அடக்கத்தான் இந்த மாத்திரைகளாம். டப்பா ஒன்றும் நகரவில்லை. ஆட்கள்தான் ஒவ்வொருவராக ஜிம்முக்கு வராமல் நின்றுபோனார்கள். முதலில் நின்றவர் பீட்டர் சார். மஞ்சு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனிது, என்ன இது மேடம்! மாத்திரை வாங்குங்கன்னு சொன்னா, எக்சர்சைஸையே விட்டுட்டாங்களே!"

கழற்றிய கண்ணாடி

ஜீவனஹள்ளிப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். அசையாமல் இருந்தால் அந்த ஃப்ரீ ராடிக்கல் கண்றாவி உண்டாகாது என்று, சார் ஈஸிசேரில் சாய்ந்து கிடந்தார். "மூச்சு விட்டாலே உண்டாகும் சார். அளவா நடந்தா, அதைச் சமாளிக்க உடம்பே பழகிக்கும். மாத்திரை வேண்டாம், கொய்யாவும் கீரையும் சாப்பிடுங்க," என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்து கையை நீட்டினாள். "வாங்கப்பா, கேட் வரைக்கும் போய்ட்டு வரலாம்." அந்தக் கையைப் பார்த்தபடி அவர் எழுந்தார்.

"இரும்மா, அந்த போஸ்டரைப் படிச்ச கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு வரேன்."

சர்ச்சில்

கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி தயாராக இருந்தது. தாய்மாமனும் கோட்டு போட்டுக்கொண்டு தயாராக நின்றார். சார் இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்தார், நடந்தார். நான் இருந்த அந்தக் கடைசி பெஞ்சருகே சட்டென்று நின்றுவிட்டார். நான் பதறி எழுந்தேன். அவர் என் பக்கம் குனிந்தார்.

"மூச்சு வாங்கலம்மா. அழுகை வருது, அவ்ளோதான்."

டயட்டீஷியன் வேலை கடைசியில் இவ்வளவுதான்: அவர்கள் பாட்டுக்கு நடந்து போய்விடுவார்கள், அவர்களுக்குப் போட்டுவைத்த நாற்காலியில் போய் உட்காருவது நாமாக இருக்கும்.