ஈரக் கல்

அக்கா மகளின் மோதிரத்துக்குக் கல் பதிக்க, நானும் அக்காவும் வில்லியனூர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆசாரி அரக்கை உருக்கினார். அந்த வாசனையோடு அப்பா நினைவில் வந்துவிட்டார்.

பாகூரில் அப்பாவுக்கும் இதே வேலைதான். குச்சி முனையில் உருகிய அரக்கில் மோதிரத்தை அசையாமல் இறுக்கி, சின்ன உளியால் தங்கத்தை நெம்பி, கடுகைவிடச் சிறிய வைரங்களைப் பதிப்பார். சில நேரம் கல் தெறித்துவிடும். "யாரும் அசையாதீங்க. பெரிய பாப்பா, வா!" என்பார். எப்போதும் பெரிய பாப்பாதான். அக்கா தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்து, உடனே எடுத்துவிடுவாள். அவள் கண்ணுக்குத் திருஷ்டி கழிக்கச் சொல்வார் அப்பா. என் கண் மட்டும் என்ன பொத்தலா?

ஒருநாள் தெறித்த கல் என் பாவாடை மடிப்பில் விழுந்தது. யாருக்கும் தெரியாமல் எடுத்து நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். அக்கா தேடித் தேடிக் கடைசியில் அழுதேவிட்டாள். அந்த அழுகை எனக்கு அவ்வளவு இனித்தது. பிறகு மெல்லக் குனிந்து கல்லைத் துப்பி, "இதோ இருக்குதுப்பா!" என்று நீட்டினேன்.

அப்பா அதை விரலில் உருட்டிப் பார்த்தார். "தரையில கெடந்த கல்லு இன்னாடி இவ்ளோ ஈரமா இருக்குது?"

அதற்குப் பிறகும் பெரிய பாப்பாதான்.

கடையில் ஆசாரியின் உளி வழுக்கி, ஒரு கல் தெறித்தது. "அசையாதீங்கம்மா" என்றார் அவர். இந்த முறை அக்காவை முந்திக்கொண்டு நான் குனிந்தேன்.

அக்கா நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

"தேடாதீங்க ஆசாரி. மொதல்ல இவ வாயத் தெறக்கச் சொல்லுங்க."