அக்கா மொழிபெயர்த்த தலையிடி

பெண்கள் குளிர்காலத்தில் போடும் தோல் நிற நைலோன் காலுறை ஒன்று இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அஜின்கோர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற்றில், உடுப்புக் காயவைக்கும் ட்றையரின் பின்பக்கக் குழாய் வாயில் அதைக் கட்டி, மேலே இறப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார்கள். ட்றையர் ஓடத் தொடங்கினால் காலுறை காற்று நிறைந்து விறைத்து நிற்கும். நின்றதும் தொய்ந்து சுவரோடு தொங்கும். அதன் நுனியில் சாம்பல் நிறப் பஞ்சு உருண்டு கிடக்கும். முதல் முறை பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்காகக் கட்டப்பட்டது என்று நம்பியதால் அந்தக் காலுறைமேல் எனக்கு நன்றிகூட இருந்தது.

கட்டியவர் வீட்டுக்காரர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவி எனக்கு அக்கா. இரத்த உறவு ஒன்றும் இல்லை. என் கணவரின் ஊரவர்கள், எங்களுக்குப் பல வருடம் முன்பே கனடாவுக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் வந்திறங்கிய எனக்கு, விமான நிலையத்தில் ஒரு தடித்த கோட்டோடு வந்து நின்று அதை என் தோளில் போட்டு பொத்தானும் பூட்டிவிட்ட அந்தப் பெண் அக்காவைவிட வேறு என்னவாக இருக்க முடியும்? குடிவரவு அலுவலகத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். ஆங்கில வகுப்பில் பதிந்துவிட்டவரும் அவர்தான். கடையில் நான் தடுமாறினால் பின்னால் இருந்து அவருடைய குரல் வரும்: “நீ வாயைத் திறக்காதை, நான் கதைக்கிறன்.” அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் ஆறும். இந்த நாட்டில் எனக்கென்று ஒரு நாக்கு இருக்கிறது, அது இன்னொருவருடைய வாயில் இருக்கிறது, அதனால் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

ட்றையரை எனக்குப் பழக்கியதும் அக்காதான். அது காஸில் ஓடுவது. உடுப்புக் காயச் சுணங்கினால் முதலில் பஞ்சு பிடிக்கும் வலையை இழுத்துத் துடைக்க வேண்டும். சூடே வராவிட்டால் அடியில் இருக்கும் சின்னத் துளையால் குனிந்து பார்க்க வேண்டும்: முதலில் ஒரு கம்பி தணல்போலச் சிவக்கும், பிறகு ‘பொக்’ என்று நீலச்சுடர் பிடிக்கும். தணல் வந்தும் சுடர் பிடிக்காவிட்டால் காஸ் வரவில்லை. தணலே வராவிட்டால் வேறு பழுது, நாங்கள் கை வைக்கக் கூடாது. நானும் அக்காவும் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தோடு கன்னம் வைத்து அந்தச் சுடரைப் பார்த்திருக்கிறோம். “காஸ் மணந்தால்தான் பயப்பிடோணும்,” என்றார் அக்கா. “மணம் வந்தால் லைற்றையும் போடாமல் வெளியால ஓடு. மணம் இல்லையெண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.”

மார்கழியில் பேஸ்மென்ற் குளிர்ந்தது. வீட்டுச் சூட்டைக் கூட்டுகிற பொத்தான் மேலே அவர்களுடைய விறாந்தையில் இருந்தது. நான் இரண்டு சுவெற்றரோடு மேலே போய்ச் சொன்னேன். அக்கா என் கைகளைப் பிடித்துப் பார்த்து, “ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு” என்றார். அந்த வார இறுதியில் அத்தான் கீழே வந்து, சுவருக்கு வெளியே போகும் குழாயைக் கழற்றி அறைப்பக்கம் திருப்பிவிட்டு, பஞ்சு பறக்காமலிருக்கக் காலுறையைக் கட்டினார். அதன்பிறகு மேல்வீட்டு உடுப்பெல்லாம் பகல் முழுக்கக் காய, எங்கள் அறை வெதுவெதுப்பானது. சின்னச் சன்னலில் நீராவிப் புகார் படிந்து நீர் வழியும். மரக்கறி அவிக்கும் குசினிபோல ஒரு ஈரச் சூடு. ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது, அக்கா எனக்காக வீட்டையே திருப்பி வைத்திருக்கிறா என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

தலையிடி அதற்குப் பிறகு தொடங்கியது. நெற்றியைச் சுற்றி ஈரத்துணியால் இறுக்கியதுபோல இருக்கும். சில நாள் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், படி ஏறினால் கால் தளரும். என் கணவர் வேலையிடத்திலேயே பாதி நாளைக் கழிப்பவர். அவருக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. அக்கா முதலில் விசேஷமோ என்று சிரித்தார். அது இல்லை என்றானதும் மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்தார். ஆங்கில வகுப்புக்குப் போய் வெளிக்காற்றில் நடந்தால் சுகமாக இருக்கும், வீட்டுக்கு வந்தால் திரும்ப வரும். “ஊர் யோசினை,” என்றார் அக்கா. “எனக்கும் வந்த புதிசில இப்பிடித்தான்.” அக்காவின் மகள் அதுவரை தினமும் கீழே வந்து என்னோடு படம் கீறுவாள். அவளை வரவிடாமல் செய்துவிட்டார்கள். கீழே குளிராம், சளி பிடிக்குமாம். கீழே இப்போது சூடுதானே என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை.

கடைசியில் அக்கா என்னை டொக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஒரு முதிய வெள்ளைக்காரர். என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு அக்காவிடம் நிறையக் கேட்டார். எனக்கு அந்த ஆங்கிலம் வேகமாக இருந்தது. ஒரே ஒரு சொல் பிடிபட்டது: காஸ். அவர் அதை இரண்டு தரம் சொன்னார். அக்கா தலையை ஆட்டி, “நோ, நோ” என்றார். “என்னவாம்?” என்று கேட்டேன். “வயித்தில காஸ் பிடிக்கிறதோ எண்டு கேக்கிறார். இல்லையெண்டு சொன்னனான். எண்டாலும் பருப்பைக் குறை” என்றார். நான் பருப்பை விட்டேன், கிழங்கை விட்டேன். உள்ளியும் பெருங்காயமும் போட்டு இரசம் வைத்துக் குடித்தேன். தலையிடி போகவில்லை.

பிறகு ஒருநாள் ட்றையர் சூடாக மறுத்தது. வலையைத் துடைத்தேன். குப்புறப் படுத்துத் துளையால் பார்த்தேன், தணல் வரவில்லை. மேலே போய்ச் சொன்னேன். காஸ் திருத்துகிறவர் வருவதற்குமுன் அக்கா கீழே வந்து எங்கள் கட்டிலை மறைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். “இஞ்ச ஆக்களை வாடகைக்கு வைக்க அனுமதியில்லை, இருக்கினம் எண்டு தெரிஞ்சால் சிற்றிக்காரர் வருவினம். நீ விருந்துக்கு வந்தனி, சரியோ? வாயைத் திறக்காதை.” நான் படியில் உட்கார்ந்தேன். குழாயைத் திரும்பச் சுவரோடு பொருத்திவைக்க அத்தானுக்கு நேரம் கிடைக்கவில்லையோ, மறந்தேவிட்டாரோ, காலுறை அப்படியே தொங்கியது.

திருத்த வந்தவர் அதைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். குரல் உயரவில்லை. ஆனால் ‘லாஸ்ற் இயர்’ என்றது எனக்கு விளங்கியது. ‘ஐ ரோல்ட் யூ’ என்றதும் விளங்கியது. போன வருடமே உங்களுக்குச் சொன்னேன். நான் வர முன்பே இங்கே இப்படிக் கட்டியிருந்திருக்கிறார்கள். ஆங்கில வகுப்பில் நாங்கள் அப்போது இறந்தகாலம்தான் படித்துக்கொண்டிருந்தோம். அவர் திரையைக் காட்டி யார் இங்கே படுக்கிறார்கள் என்று கேட்டார். அக்கா, “நோபடி” என்றார். அவர் திரையை விரலால் விலக்கினார். இரண்டு தலையணைகள், என் கணவர் இடுப்பில் கட்டும் சாரம், என் பாடப்புத்தகம். அவர் என் பக்கம் வந்து, தன் நெற்றியில் கையை வைத்து, வலிப்பதுபோல முகத்தைச் சுளித்து, “யூ?” என்றார். நான் தலையாட்டினேன். அவர் காஸ் குழாயின் திருகை மூடிவிட்டு, சிவப்பு அட்டை ஒன்றை ட்றையரில் கட்டினார். பிறகு காலுறையைத் தொட்டு, மூக்கைப் பிடித்து, ‘நோ ஸ்மெல்’ என்று கையை விரித்துக் காட்டினார். காஸ் எரிந்து வரும் இந்த நச்சுப் புகைக்கு மணமே இல்லை என்று சொல்கிறார் என்பது எனக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விளங்கியது.

“என்ன சொல்லுறார்?” என்று வேண்டுமென்றே கேட்டேன். ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல், “மெஷின் பழசாம்” என்றார்.

அவர் போனபின் கேட்டேன். “அக்கா, டொக்டர் அண்டைக்கு என்ன கேட்டவர்?”

அக்கா திரைச்சீலையின் மடிப்பை நீவிக்கொண்டு நின்றார். “வீட்டில காஸில ஓடுற சாமான் இருக்கோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொல்லியிருந்தால் ஆக்கள் வந்து பாத்து உங்களை வீட்டைவிட்டு எழுப்பியிருப்பினம். இந்தக் குளிருக்குள்ள நீங்கள் எங்க போவியள்? உனக்காகத்தான் சொல்லேல்லை.”

“பிள்ளையை ஏன் கீழ விடேல்லை?”

 அக்கா திரைச்சீலையை விட்டுவிட்டு மேலே ஏறிப்போனார். அவர் முன்பு சொன்னதைவிட அந்தக் காலடிச் சத்தம்தான் எனக்குக் கூடுதலாகச் சொன்னது.

என் கணவர் நம்ப மறுத்தார். “இஞ்சரும், எங்களை எடுத்து வைச்சிருந்த சனம். தெரிஞ்சு செய்திருக்க மாட்டினம். பெரிசாக்காதையும்.” நான் உடுப்பை அடுக்கத் தொடங்கியதும்தான் வாயை மூடினார். சென் ஜேம்ஸ் ரவுணில் அவருடைய நண்பர் ஒருவரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. புறப்பட்ட அன்று அக்கா சட்டி நிறைய இறைச்சிக்கறியோடு வாசலுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, அது பொய்க் கண்ணீர் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. நான் சட்டியை வாங்கவில்லை. என் கணவர் வாங்கினார்.

பிறகு எல்லாம் வழமைபோல நடந்தது. நாங்கள் நன்றி கெட்டவர்கள், சொல்லாமல் வீட்டைவிட்டு எழும்பினோம் என்று கடைகளில் கதை வந்தது. என் கணவரும் சில காலம் அவர்களிடம் போய்வந்தார். இப்போது ஸ்ரௌவ்வில்லில் சொந்த வீட்டில் இருக்கிறேன். எங்களிடமும் காஸ் ட்றையர்தான். பனி கொட்டினால் வெளியே போய்க் குழாயின் வாயை மூடியிருக்கும் பனியைத் தட்டிவிட்டு, சூடான காற்று கையில் படுகிறதா என்று பார்த்தபிறகே உள்ளே வருவேன். டொக்டரிடம் யாரையும் கூட்டிப்போவதில்லை. விளங்காவிட்டால் மூன்று தரம் கேட்பேன்.

ஆனால் அந்த வீட்டை விட்டு வந்த நாளிலும்கூட நான் அக்காவை முழுதாகக் கைவிட்டிருக்கவில்லை. அந்த மனிதர் பிழையாகச் சொல்லியிருக்கலாம் என்று மனதின் ஒரு மூலை கெஞ்சிக்கொண்டிருந்தது. புதிய இடத்திலும் தலை இடித்தால், அது என் உடம்பின் குற்றம், ஊர் யோசினை, பருப்பு. அக்கா அக்காவாகவே இருப்பார். முதல் சில நாட்கள் இடித்தது. ஒவ்வொரு காலையும் கண்ணைத் திறக்குமுன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்று ஆறுதல்பட்டேன்.

ஒரு காலை எழும்பியபோது தலை இலேசாக இருந்தது. சன்னலால் வெயில் வந்தது, கீழே ஸ்றீற்கார் மணி அடித்துப்போனது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. வேலையால் வந்த என் கணவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “தலையிடி எப்பிடி?”

“போயிட்டுது” என்றேன்.

அவர் சந்தோஷத்தில் தேத்தண்ணி போடப் போனார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சத்தம் வராமல் அழுதேன்.